மதில் பளிச்சென்று இருக்கிறது, முகம் எங்கே?

சென்ற வாரம் காட்பாடியிலிருந்து ஒரு பெண் மெமரி கார்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். தம் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தன்று சொந்தக்காரப் பையன் ஒருவன் புதுக் கேமராவில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் இருவரும் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். பின்னால் உச்சிவெயிலில் சுண்ணாம்படித்த மதில். மதில் மிக அழகாக விழுந்திருக்கிறது. அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது, மூக்கு தெரியவில்லை. "அண்ணா, மூஞ்சியை மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிக் குடுங்க" என்றார். இந்த மாதத்தில் இப்படி வந்தது இது நான்காவது கார்டு.

நிழலில் நிறுத்திவிட்டால் முகம் தானாக நன்றாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை யார் பரப்பினார்களோ தெரியவில்லை. கண் கூசாமல் இருக்கவும், மூக்கின் கீழே கரிக்கோடு விழாமல் இருக்கவும் நிழல் உதவும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை, அது பார்த்துக்கொள்ளாது. வேலூர் வெயிலுக்கும் திறந்த நிழலுக்கும் 3 அல்லது 4 ஸ்டாப் வித்தியாசம் இருக்கும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. அதாவது வெயிலில் விழும் ஒளி நிழலில் விழுவதைப்போல் 8 முதல் 16 மடங்கு. அடர்ந்த புளியமரத்தடியில் இன்னும் மோசம். அம்மாவின் முகம்தான் முக்கியம் என்று கேமராவுக்கு யாரும் சொல்லவில்லை. அது சட்டகம் முழுவதையும் கூட்டிக் கழித்து கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது, மதிலின் வெண்மையைக் குறைக்கிறது, அதோடு முகமும் இருண்டுபோகிறது. முகத்தைச் சுற்றிக் கட்டம் வருகிறதே என்பவர்களுக்கு: அந்தக் கட்டம் போகஸுக்கு மட்டுமா, ஒளியை அளக்கும் மீட்டரிங்குக்கும் சேர்த்தா என்பது கேமராவையும் அதன் அமைப்பையும் பொறுத்தது. கையேட்டைப் புரட்டுங்கள்.

"அப்புறம் சரிசெய்து கொள்ளலாம்" என்பது அடுத்த தலைவலி. கேமரா வழக்கமாகச் சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம் உண்டு. 3 ஸ்டாப் இருண்ட முகம் அவற்றின் அடிமட்டத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும், தூக்கினால் கன்னத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள்தாம் மேலே வரும். கேமராவில் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் ஓரளவு மீட்கலாம். அந்தப் பையன் ராவில் எடுக்கவில்லை.

ஆகவே மரத்தின் தூரடிக்குப் போகாதீர்கள். நிழல் முடியும் விளிம்புக்கு ஓர் எட்டு உள்ளே அவர்களை நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்புங்கள். கண்ணில் வானத்தின் வெள்ளைப் பொட்டு விழுந்தால் இடம் சரி. இலை இடுக்கில் ஒழுகும் வெயில் நெற்றியில் காசுகாசாக விழுகிறதா என்று பாருங்கள். பின்னணியும் நிழலிலேயே இருக்கட்டும்: கோட்டையில் பிற்பகலில் எடுப்பதானால் கிழக்கு பார்த்த கருங்கல் மதில் உங்களுக்காகவே நிழலில் காத்திருக்கும், வெள்ளைச் சுவரைப்போல மீட்டரை ஏமாற்றவும் செய்யாது. வெயில் பின்னணியைத் தவிர்க்க முடியாவிட்டால் அது வெளுத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வையுங்கள். மாநிறத்துக்கு அந்த அளவு ஏறக்குறையப் பொருந்தும். கறுத்த முகத்துக்கு அரை முதல் 1 ஸ்டாப் குறைக்க வேண்டும், சிவந்த முகத்துக்கு அதே அளவு கூட்ட வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன், வெளுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கறுத்த மணப்பெண்ணைச் சுண்ணாம்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

இடுப்புயரத்தில் ஒருவர் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் கண்குழியின் இருட்டு குறையும். ஒளியின் நிறச்சாயலைச் சரிக்கட்டும் வொயிட் பேலன்ஸை, நிழலுக்கான ஷேடில் வையுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் நீலம் பாயும்.

வெயிலில் கேமராத் திரையை நம்பாதீர்கள். முதல் படம் எடுத்ததும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து, படத்திலுள்ளவர்களின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அரை நிமிட வேலை. பெரியவர்களை மாலையோடு மறுபடி நிற்கவைக்க முடியாது, தயவுசெய்து அதற்காகவாவது பாருங்கள். காட்பாடிப் பெண்ணின் படங்களில் இரண்டைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தேன். மற்றவை தேறவில்லை.