அணி பிரியும்போது கோடு எங்கே விழுகிறது?

2024 கிறிஸ்மஸ் வாரத்தில் அமெரிக்க வலதுசாரிகள் தங்களுக்குள்ளேயே அடிபட்டார்கள். ட்ரம்ப் தேர்தலில் வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பதவியும் ஏற்கவில்லை. சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக நியமிக்கப்போவதாக ட்ரம்ப் அறிவித்தார். கிரீன் கார்டுக்கு நாடுவாரியாக இருக்கும் உச்சவரம்பை எடுத்துவிட வேண்டும் என்று கிருஷ்ணன் சில வாரங்களுக்கு முன் எக்ஸ் தளத்தில் எழுதியிருந்தார். அதைத் தீவிர ட்ரம்ப் ஆதரவாளரான லோரா லூமர் தோண்டி எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒரு பக்கம் திறமையான வெளிநாட்டவர் வரட்டும் என்ற தொழிலதிபர்கள் எலான் மஸ்க், விவேக் ராமசாமி. மறுபக்கம் அதை எதிர்த்த லூமர், ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன். நடுவில், வெளிநாட்டு நிபுணர்கள் அமெரிக்காவில் வேலை செய்யத் தரப்படும், ஆண்டுக்கு 85,000 என்று வரையறுக்கப்பட்ட எச்-1பி விசா.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மென்பொருள் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எச்-1பி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதனால் இந்தச் சண்டை கொழும்புக் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்தது. நியூஜேர்சி மாமா ஒரு வீடியோ போடுவார், டெக்சஸ் மச்சான் அதற்கு எதிராக இன்னொன்று போடுவார். இங்கே இருப்பவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: “வெண்ட ஆக்கள் ஏன் தங்களுக்குள்ளை சண்டை பிடிக்கினம்?”

வென்றதால்தான். அமெரிக்கப் பழமைவாதம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு கூட்டு. 1950களில் சந்தைச் சுதந்திரம் வேண்டியவர்கள், மத மரபைக் காக்க நினைத்தவர்கள், கம்யூனிசத்தை எதிர்த்தவர்கள் என மூன்று கூட்டத்தார் ஒரே பந்தலுக்குள் வந்தார்கள். இவர்களில் முதல் இரண்டு தரப்புக்கும் இயல்பான ஒட்டு கிடையாது. சந்தை மரபைக் கரைக்கும், மரபு சந்தைக்குக் கடிவாளம் போடும். மாஸ்கோ என்ற பொது எதிரிதான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அப்பா கண்மூடிய வீட்டில் காணிச் சண்டை தொடங்குவதுபோல, அதுவரை அடங்கியிருந்த எல்லைத் தகராறுகள் எல்லாம் வெளியே வந்தன. தேர்தல் வெற்றியும் அதையேதான் செய்கிறது. எதிரி தோற்றுப் போய்விட்டான், பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, சண்டை வரும் என்பது தெரிகிறது. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்று காட்டிய ஆய்வு ஒரு கராத்தே கழகத்தைப் பற்றியது.

வேய்ன் ஸக்கரி என்ற மானிடவியலாளர் 1970 முதல் 1972 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் கராத்தே கழகத்தை அவதானித்தார். அவர் ஆராய்ந்த உறுப்பினர்கள் 34 பேர். பயிற்சிக் கட்டணத்தைக் கூட்ட வேண்டும் என்றார் ஆசிரியர். கூடாது என்றார் கழகத் தலைவர். தகராறு முற்றிக் கழகம் இரண்டானது. ஸக்கரி யாரிடமும் கட்டணத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு அதை வைத்துக் கணிக்கவில்லை. கழகத்துக்கு வெளியே யார் யாரோடு பழகுகிறார்கள், ஒரே வகுப்புக்குப் போகிறார்களா, ஒரே பாருக்குப் போகிறார்களா என்று பார்த்து உறவுகளை வலைப்படமாக வரைந்தார். பிறகு அந்த வலையை எந்த இடத்தில் வெட்டினால் மிகக் குறைந்த பலமுள்ள இழைகள் அறுபடும் என்று கணக்குப் போட்டார். அதற்கு அவர் எடுத்த கணிதம் பனிப்போர்க் காலத்தில் சோவியத் ரயில் பாதைகளின் கொள்ளளவை ஆராயப் போய்ப் பிறந்தது என்பது தனி வேடிக்கை. 1977இல் வெளியான அந்தக் கட்டுரையில், வலைப்படம் சொன்ன பக்கமும் ஆட்கள் உண்மையில் போன பக்கமும் 34 பேரில் 33 பேருக்குப் பொருந்தின.

தப்பிய அந்த ஒருவர்தான் எனக்குப் பிடித்தவர். வலைப்படத்தின்படி அவர் தலைவரின் ஆள். ஆனால் ஆசிரியருடன் போனார். காரணம், கறுப்புப் பட்டித் தேர்வுக்கு அவருக்கு மூன்று வாரமே இருந்தது. தலைவர் பக்கம் போயிருந்தால் தரத்தை இழந்து புதிய முறையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். ஆகப் பழகிய ஆட்கள் ஒரு விசை, கையில் வரப்போகும் பட்டி இன்னொரு விசை. கட்டணம் கூடலாமா கூடாதா என்ற ‘கொள்கை’ இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

நம் ஊரிலும் ஒரு பழமைவாத யானை உண்டு. அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கும் யானைதான் சின்னம், ஐக்கிய தேசியக் கட்சிக்கும் யானைதான். 2020இன் தொடக்கத்தில் கட்சித் தலைவர் ரணில் விக்ரமசிங்கவுக்கும் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்கும் இடையிலான இழுபறியில் ஐ.தே.க. உடைந்தது. பொருளாதாரக் கொள்கை என்று பார்த்தால் இரு தரப்புக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்கவில்லை; தலைமை, வேட்புமனு, சின்னம், இவைதான் விடயம். அந்த ஆண்டு ஓகஸ்ட் 5 தேர்தலில் தொலைபேசிச் சின்னத்தில் நின்ற, சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு 54 ஆசனம். ஐ.தே.க.வுக்குத் தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. கட்சியின் பெயரும் யானையும் தலைமையகமான சிறிகொத்தாவும் ஒரு பக்கம் இருந்தன. ஆட்களின் இழைகள் மறுபக்கம் இருந்தன. வாக்கு இழைகளோடு போனது.

இரண்டு பக்கமும் பழக்கம் உள்ளவர் பாடு வேறு. 1946இல் ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற உளவியலாளர் இதை ஒரு முக்கோணமாகப் பார்த்தார். எனக்கு உங்களைப் பிடிக்கும், எனக்கு அவரையும் பிடிக்கும், ஆனால் உங்களுக்கும் அவருக்கும் ஆகாது. இப்படியொரு முக்கோணம் மனதுக்குள் குத்திக்கொண்டே இருக்கும். ஒன்று உங்கள் இருவரையும் சமாதானப்படுத்த வேண்டும், அல்லது ஒருவரைக் கைவிட வேண்டும். 1956இல் காட்ரைட்டும் ஹராரியும் இதைக் கணிதமாக்கினார்கள்: எல்லோரும் எல்லோரையும் அறிந்த குழுவொன்றில் இப்படிக் குத்தும் முக்கோணங்கள் எல்லாம் தீர்ந்தால், மிஞ்சுவது ஒன்றில் முழு ஒற்றுமை, இல்லையேல் சரியாக இரண்டு முகாம். நடுவில் நிற்க இடமே இல்லை.

2025 ஜூன் முதல் வாரத்தில் ட்ரம்ப்பின் பெரிய வரவு செலவு மசோதாவை மஸ்க் பகிரங்கமாகத் திட்டியபோது, இருவரையும் கொண்டாடிவந்த லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் இந்த முக்கோணத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். அன்றைய பதிவுகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், பலர் முதலில் எழுதியது மசோதாவைப் பற்றி அல்ல. “தயவுசெய்து இருவரும் சமாதானமாகுங்கள்” என்ற கெஞ்சல்தான். அது நடக்காதபோது, பெற்றோர் பிரியும்போது பிள்ளை செய்வதுபோல, யார் பக்கம் என்று தெரிவு செய்தார்கள்.

ஆனால் இணையத்தில் முகாம்கள் இரண்டோடு நிற்பதில்லை. அதற்கும் விளக்கம் உண்டு. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பகையாக இருக்கும் முக்கோணத்தை ஹைடரின் கணக்கு நிலையற்றது என்று தள்ளியது. 1967இல் ஜேம்ஸ் டேவிஸ் அதையும் அனுமதித்துப் பார்த்தார். உடனே இரண்டுக்குப் பதிலாக எத்தனை முகாமும் சாத்தியமானது. எதிரியின் எதிரி நண்பனாகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கே தளர்கிறதோ, அங்கே கட்சி சில்லுச் சில்லாகும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. ஆள் மாறும்போது கருத்தும் மாறுகிறதா? அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட சோதனைகளில், பழமைவாத மாணவர்களிடம் தாராளமான ஒரு நலன்புரித் திட்டத்தைக் காட்டி, குடியரசுக் கட்சி இதை ஆதரிக்கிறது என்றார். ஆதரித்தார்கள். இடதுசார்பு மாணவர்களிடம் மிகக் கறாரான திட்டத்தைக் காட்டி ஜனநாயகக் கட்சியின் பெயரைச் சொன்னார். அவர்களும் ஆதரித்தார்கள். கட்சியின் பெயர் உங்களைப் பாதித்ததா என்று கேட்டால், இல்லை, திட்டத்தின் உள்ளடக்கத்தை வைத்தே முடிவெடுத்தோம் என்றார்கள்.

2017 ஜனவரியில் இதையே உண்மை அரசியலில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. மைக்கேல் பார்பர், ஜெரமி போப் என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்தது இது: குறைந்தபட்சச் சம்பளம் போன்ற பல விடயங்களில் ட்ரம்ப் ஒவ்வொரு நேரம் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார். அதனால் பொய் சொல்லாமலேயே ஒரு குழுவிடம் “ட்ரம்ப் இதை ஆதரிக்கிறார்” என்றும், இன்னொரு குழுவிடம் “எதிர்க்கிறார்” என்றும் சொல்ல முடிந்தது. குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் இரு திசையிலும் அவரோடு நகர்ந்தார்கள். நான் தீவிரப் பழமைவாதி என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர்களும் நகர்ந்தார்கள். இதை அமெரிக்கர்களின் முட்டாள்தனம் என்று எடுத்துக்கொள்வோர் கொழும்பில் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். காலாகாலமாக யானைக்கே புள்ளடி போட்ட கொட்டாஞ்சேனை அங்கிள் ஒருவர், 2020இல் தொலைபேசிக்கு மாறியதைப் பற்றி என்னிடம் சொன்னார்: “நான் மாறேல்லைத் தம்பி. கட்சிதான் என்னை விட்டிட்டுப் போட்டுது.” 1962இல் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்குப் போன ரொனால்ட் ரேகனும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது இதைத்தான். இருவரும் பொய் சொல்லவில்லை. மாறியவருக்கு உள்ளேயிருந்து பார்த்தால் தான் அசையாமல் நிற்பதுபோலத்தான் தெரியும்.

பிரிந்த பிறகு வரும் கசப்பு, வெளி எதிரி மீதான கசப்பைவிட ஏன் கூடுதல்? பெல்ஜியத்தில் ஜோசே மார்க்கெஸும் சகாக்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் கூட்டத்து நல்லவரை வெளிக்கூட்டத்து நல்லவரைவிட உயர்த்தினார்கள். தங்கள் கூட்டத்துக் கெட்டவரையோ வெளிக்கூட்டத்துக் கெட்டவரைவிடக் கீழே தள்ளினார்கள். வெளியாள் தவறினால் அது அவன் இயல்பு. நம்மாள் தவறினால் நமது பெயர் கெடுகிறது, ஆகவே அவன் நம்மாளே இல்லை என்று காட்டியாக வேண்டும். குடியரசுக் கட்சிக்குள் பிடிக்காதவரை ‘பெயரளவில் மட்டும் குடியரசுக் கட்சிக்காரர்’ என்று ஒதுக்கும் பழக்கம் இந்த வேலையைத்தான் செய்கிறது. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1949 டிசம்பரில் மருதானையில் கூடித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்கள் தமிழ்க் காங்கிரஸிலிருந்து வந்தவர்கள். அதற்குப் பிறகு இரு தரப்பும் மேடைகளில் ஒருவரையொருவர் திட்டிய திட்டை, 1972இல் ஒரே கூட்டணிக்குள் வரும்வரை மற்றக் கட்சிகள் அதே அளவுக்கு வாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

இணையம் இதற்குக் கூலி கொடுக்கிறது. 2017இல் வில்லியம் பிரேடியும் சகாக்களும் லட்சக்கணக்கான ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ‘துரோகம்’, ‘வெட்கக்கேடு’ மாதிரி அறச் சீற்றமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடும்போது, பதிவு பகிரப்படுவது ஏறத்தாழ 20 வீதம் கூடியது. அந்தப் பகிர்வும் பெரும்பாலும் சொந்த முகாமுக்குள்ளேயே சுற்றியது. நிதானமாக எழுதுபவருக்குக் கைதட்டு இல்லை. கொஞ்ச நாளில் அவரும் குரலை உயர்த்துவார், அல்லது வாயை மூடிக்கொள்வார். வெளியே பார்ப்பவருக்குக் கூட்டம் முழுவதுமே கொதிப்பதாகத் தோன்றும்.

அந்த வாய்மூடியவர்களில்தான் விடயமே இருக்கிறது. ஒரு தலைவருக்கான ஆதரவு மலைபோல நிற்கும், திடீரென்று ஒரு வாரத்தில் சரியும், அல்லது சரிவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பவும் நிமிரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் இதற்கு எளிய கணக்கொன்று கொடுத்தார். நூறு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் யாரும் துணைக்கு இல்லாவிட்டாலும் எதிர்த்துப் பேசுவார். இரண்டாமவர் ஒருவர் பேசினால் பேசுவார். மூன்றாமவருக்கு இரண்டு பேர் வேண்டும். இப்படியே நூறாமவருக்கு 99 பேர். முதலாமவர் வாயைத் திறந்தால் அடுத்தடுத்து நூறு பேரும் பேசிவிடுவார்கள். இப்போது அந்த இரண்டாமவரை மட்டும் மாற்றுங்கள். அவருக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று வையுங்கள். முதலாமவர் பேசுவார், அதோடு சரி. இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரேயொரு ஆளின் துணிச்சலில் ஒரு படி. வெளியிலிருந்து பார்ப்பவரோ முதல் கூட்டம் புரட்சிக் கூட்டம் என்றும், இரண்டாவது விசுவாசக் கூட்டத்தில் ஒரு பைத்தியக்காரர் என்றும் எழுதுவார்.

2016 ஒக்டோபர் 7 அன்று பெண்களைப் பற்றி ட்ரம்ப் பேசிய பழைய ஒலிப்பதிவு வெளியானபோது இந்தத் தொடர் ஓடத் தொடங்கியது. மறுநாளே நெப்ராஸ்கா செனட்டர் டெப் ஃபிஷர் அவர் விலக வேண்டும் என்றார். போதிய ஆட்கள் சேரவில்லை. சில நாட்களுக்குள் ஃபிஷரே திரும்பி வந்து, அவருக்குத்தான் வாக்களிப்பேன் என்றார்.

முன்பெல்லாம் இந்தத் தொடரைத் தொடக்கவும் நிறுத்தவும் வாசற்காவலர்கள் இருந்தார்கள். 1962இல் பழமைவாதச் சஞ்சிகையான நேஷனல் ரிவ்யூவின் ஆசிரியர் வில்லியம் பக்லி, தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜோன் பேர்ச் சங்கத்தின் தலைவரைக் கண்டித்து எழுதியபோது, அந்தக் கூட்டம் மரியாதையான வட்டத்துக்கு வெளியே தள்ளப்படத் தொடங்கியது. 2016 ஜனவரியில் அதே சஞ்சிகை இருபதுக்கும் மேற்பட்ட பழமைவாதிகளை வரிசையாக எழுதவைத்து ட்ரம்ப்பை எதிர்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதில் எழுதிய வானொலிப் பேச்சாளர் க்ளென் பெக் 2018இல் ட்ரம்ப்பின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசகர்கள் சஞ்சிகையைப் பார்த்து முடிவெடுக்கும் காலம் போய், பக்கத்தில் இருக்கும் வாசகரைப் பார்த்து முடிவெடுக்கும் காலம் வந்துவிட்டது.

பக்கத்து ஆளைப் பார்க்க முடியாதபோது என்ன ஆகும் என்பதற்குக் கொழும்பிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தது இரகசிய வாக்கெடுப்பில். ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சியின் ஒரு பகுதியும் ஐக்கிய மக்கள் சக்தியும் மொட்டுக் கட்சியைச் சேர்ந்த டலஸ் அழகப்பெருமவை ஆதரிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்திருந்தன. சொந்தக் கட்சியில் ஒற்றை ஆசனம் வைத்திருந்த ரணில் 134 வாக்குப் பெற்றார், டலஸ் 82. மேடையில் சொன்ன பக்கமும் பெட்டியில் போட்ட பக்கமும் ஒன்றா என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

எக்ஸ் தளமும் 2024 ஜூனில் அரைகுறையாக இப்படியொரு திரையைப் போட்டது. யார் எதற்கு விருப்பக்குறி இட்டார்கள் என்பதை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்தது. பயமில்லாமல் விருப்பக்குறி இடட்டும் என்பதே நிறுவனம் சொன்ன காரணம். ஆனால் மொத்த எண்ணிக்கை பதிவுக்குக் கீழே முன்போலவே தெரிகிறது. கிரானோவெட்டரின் நூறு பேருக்கும் அந்த எண்ணிக்கையே போதும்.