சொல் விளக்கம்: அழற்சி

‘இன்ஃப்ளமேஷன்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல் அழற்சி. சுழல் சுழற்சி ஆவதுபோல, எரிதலைக் குறிக்கும் ‘அழல்’ என்ற அடியோடு ‘சி’ விகுதி சேர்ந்து பிறந்தது. குறளில் ‘அழல்போலும் மாலை’ (1228) என வருவது இந்த அழலே. இலத்தீன் மூலத்துக்கும் தீமூட்டுதல் என்றே பொருள். சித்த மருத்துவத்தில் அழல் பித்தத்தைக் குறிக்கும். அதை அழற்சியோடு குழப்பக்கூடாது.

பேச்சில் ‘வீக்கம்’ என்று சொல்லிவிடுகிறோம். அது போதாது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என அழற்சியின் நான்கு குறிகளை ரோமானியரான செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். உறுப்பு செயல் குன்றுவது பின்னாளில் சேர்ந்த ஐந்தாவது குறி. முழங்காலின் முன் சிலுவைத் தசைநாருக்கு (ஏசிஎல்) அறுவை செய்தபின் அதிகம் தொல்லை தருவது இதுதான். மூட்டுக்குள் நீர் கோத்தால், முன்தொடைத் தசைக்கு வரும் நரம்புத் தூண்டல் தானாகவே அடங்கும். தசை மெலியும், காலை முழுதாக நீட்ட முடியாது. அதனால் வீக்கத்தை வற்றவைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தத் தசைநார் அதிகம் கிழிகிறது. பெண்ணுடலின் நோயெதிர்ப்பு பொதுவாக வீரியம் கூடியது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனோ அளவையும் சூழலையும் பொறுத்து அழற்சியைத் தூண்டும், தணிக்கவும் செய்யும். ஆனால் மருந்தளவு இருபாலருக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல் வழிகாட்டியது. 1993-இல்தான் அதை மாற்றியது. தூக்க மருந்தான சோல்பிடெம் பெண்ணுடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், 2013-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொடக்க அளவு 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி. ஆனது. முழங்கால் அறுவைக்குப் பின் தரும் வலி மருந்துகளுக்கு அப்படித் தனியளவு இல்லை.

எல்லா வலி மாத்திரையும் அழற்சி தணிப்பி அல்ல. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும்; மூட்டின் அழற்சியை அவ்வளவாகத் தொடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தடுத்து அதைத் தணிக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை ஆபத்து. கருவுற்று 20 வாரம் ஆனபின் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பை அது கூட்டும்.

அழற்சி வேறு, தொற்று வேறு. அறுவைக்குப்பின் அழற்சி வருவது இயல்பு. முதல் சில நாட்களில் உச்சம் தொட்டுத் தணியத் தொடங்கும். தணிந்த வலி மறுபடி ஏறினாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ தொற்றாக இருக்கலாம். கெண்டைக்கால் வலித்து வீங்கினால் இரத்த உறைவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.