டோஸ் என்றால் மாத்திரைதான்

"இன்னைக்கு மேனேஜர்கிட்ட செம டோஸ்" என்று யாராவது சொன்னால் மருந்து வாங்கி வந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. திட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். மருந்துக்கான சொல் வசவு வரைக்கும் வந்துவிட்டது என்றால் அது இங்கே நன்றாக வேர்விட்டுவிட்டது. ஆனாலும் டோஸுக்குத் தமிழில் என்ன என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள்.

முதலில் பிறப்பு. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுக்கிறாரோ அது டோசிஸ். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து நம்மிடம் வந்தது. இந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் வடமொழித் 'தான'த்துக்கும் வேர் ஒன்று, ஆக இரண்டும் பங்காளிகள். (தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். டோஸை மட்டும் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டும்.)

தமிழில் புழங்குகிற சொற்களில் 'வேளை' பேச்சில் சரளமாக வரும், "மூணு வேளை போடுங்க" என்று. ஆனால் அது எப்போது என்று சொல்கிறதே தவிர எவ்வளவு என்று சொல்வதில்லை. 'தவணை' கொரோனா தடுப்பூசிக் காலத்தில் செய்தித்தாள்களில் பரவியது. ஊசிக்கு அது பொருந்தும், மாத்திரைக்குப் போட்டால் வங்கிக் கடன் வாடை அடிக்கிறது. பாடநூல்காரர்களின் சொல் 'மருந்தளவு'. டோஸையும் டோஸேஜையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்களும் உண்டு. பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்பது டோஸ். அதையே ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள் என்று சொன்னால் டோஸேஜ்.

உண்மையில் டோஸுக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு. தினமும் வாயில் போட்டு முழுங்கிக்கொண்டே அதை மறந்துவிட்டோம். மாத்திரை!

'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறது தொல்காப்பியம். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதே மாத்திரைதான். வடமொழியில் 'மாத்ரா' என்றால் அளவு, ஆயுர்வேதத்தில் மருந்தின் அளவுக்கும் அதுதான் பெயர். 'இது மாத்திரம் போதும்' என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை. அளந்து உருட்டியதாலோ என்னவோ, அளவின் பெயர் நம்மிடம் உருண்டைக்கு ஒட்டிக்கொண்டது. அளவு உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக, டோஸ் வந்து உட்கார்ந்துவிட்டது என்பது என் கணக்கு. இலங்கைத் தமிழரிடம் இந்தச் சிக்கல் குறைவு, அவர்கள் உருண்டையைக் குளிசை என்பார்கள். அது குளிகையிலிருந்து வந்தது, நாங்கள் குளிகையை நாட்காட்டியில் நேரம் பார்க்க விட்டுவிட்டோம்.

உருண்டைக்கு மாத்திரை என்ற பெயர் எவ்வளவு சரி என்பதற்குத் தைராய்டு மாத்திரையைப் பாருங்கள். 100 என்று போட்ட மாத்திரையில் இருப்பது 100 மைக்ரோகிராம் தைராக்சின், அதாவது ஒரு கிராம் மருந்தில் 10,000 மாத்திரை செய்யலாம். அதே ஒரு கிராம் பாரசிட்டமாலில் இரண்டே இரண்டு. தைராக்சினை மட்டும் உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கையால் எடுக்க முடிகிற அளவுக்கு வர வேண்டுமே என்று மாவுப் பொருள்களைச் சேர்த்து வில்லையாக அழுத்தியிருக்கிறார்கள். நாம் விழுங்குவதில் பெரும்பகுதி மருந்தே இல்லை, அளவைச் சுமந்து வரும் வண்டி.

வண்டி என்றதும் சித்த மருத்துவத்தின் 'அனுபானம்' நினைவுக்கு வருகிறது. சூரணத்தைத் தேனில் குழை, பஸ்பத்தை நெய்யில் கொடு என்று ஒவ்வொன்றுக்கும் துணை சொல்வார்கள். அளவும் சொல்வார்கள்: குன்றிமணி எடை (ஏறத்தாழ 130 மில்லிகிராம்), மூன்று விரல் நுனியில் அள்ளும் திரிகடி. துணை சரியில்லை என்றால் அளவும் போச்சு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடச் சொல்வது இதனால்தான். கூடவே காப்பியைக் குடித்தால் குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. மாத்திரையில் 100 என்று போட்டிருக்கும், ரத்தத்துக்குப் போவது அதைவிடக் குறைவு.

வழி மாறினால் அளவே தலைகீழாகிவிடும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. விழுங்கியது குடலில் இறங்கி, கல்லீரலில் ஒரு பங்கை இழந்து, மிச்சம் உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வர வேண்டும். அந்தச் சுற்றில்தான் கை நடுக்கம், படபடப்பு எல்லாம். இன்ஹேலர் நேராக வாசலுக்கே போகிறது (அதிலும் கணிசமான பங்கு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு கதை).

சரி, புது மருந்து ஒன்றுக்கு முதல் அளவை யார் முடிவு செய்வது? விலங்குகளுக்குக் கொடுத்து, எந்த அளவு வரை கெடுதல் இல்லை என்று பார்த்து, அதைப் பல மடங்கு குறைத்து மனிதருக்குத் தொடங்குவது வழக்கம். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை அப்படித்தான் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஒருவர் எப்படி இருக்கிறார் என்று காத்திருந்து பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கும் ஏற்றிவிட்டார்கள். ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. உயிர் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்தார். மருந்து பிடித்துக்கொள்ளும் புரதம் மனிதரின் ஒருவகை டி அணுக்களில் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) உண்டு, அந்தக் குரங்குகளின் அதே வகை அணுக்களில் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 2007இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்கென்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. எவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று மட்டும் பார்க்காதே, எவ்வளவில் உடம்பு முதன்முதலாக லேசாக அசையும் என்று கணக்கிட்டு அங்கிருந்து தொடங்கு, முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திரு என்றார்கள்.

கடைசியில் எந்தச் சொல்லைப் புழங்குவது? மாத்திரையை இனி திருப்பி வாங்க முடியாது, என் ஓட்டு மருந்தளவுக்கு. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். தங்கை மகளுக்குக் காய்ச்சல், ஒன்பது கிலோ குழந்தை, டாக்டர் போனில் "பாரசிட்டமால் சிரப் அஞ்சு எம்எல்" என்றார். வீட்டில் இரண்டு பாட்டில். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. அத்தை 250 பாட்டிலிலிருந்து அளவுமூடியில் கோடு பார்த்துச் சரியாக அஞ்சு மில்லி ஊற்றிவிட்டார். மில்லி சரி, மில்லிகிராம் இரண்டு மடங்கு. நல்லவேளை, தங்கை லேபிளைப் பார்த்துத் திரும்பப் போன் போட்டாள், 250 என்றால் இரண்டரை மில்லி போதும் என்றார் டாக்டர். இப்போது இரண்டு மூடியிலும் மார்க்கரில் 120, 250 என்று எழுதி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே அத்தை தன் பங்குக்கு 'சின்ன காய்ச்சல்', 'பெரிய காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறார்.