தட்டு நினைவிருக்கிறது, அடுப்பு நினைவில்லை

நள்ளிரவு தாண்டி ஏற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. ஐந்து பேரில் நாலு பேருக்கு விடாத வாந்தி. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்கள் வாந்தி எடுப்பது சேலத்து மருத்துவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் இவர்களுக்கு மலையில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில்.

"மட்டன்லதாங்க டாக்டர் ஏதோ கோளாறு" என்றார் வீட்டுக்காரர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சிகாகோவில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். அங்கே நண்பர் வீட்டில் பனிக்காலத்தில் சாப்பிட்ட 'சில்லி' அவர் நாக்கைவிட்டுப் போகவே இல்லை. கொத்துக்கறி, தக்காளி, மிளகாய், சீரகம், ராஜ்மா எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று வேகும் குழம்பு அது. டெக்சாஸ் மாநிலம் 1977இல் அதைத் தன் அதிகாரப்பூர்வ உணவாகவே அறிவித்தது. அந்த ஊர்ப் பழமைவாதிகளைக் கேட்டால் அதில் பீன்ஸ், அதாவது ராஜ்மா மாதிரிக் கொட்டைகள், போடுவதே பாவம் என்பார்கள். அன்றிரவு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏனென்றால், கறி தொடாத அவருடைய அம்மாவுக்கும் வாந்தி. அவருக்காகக் கறி சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்த ராஜ்மாவைத்தான் சாப்பிட்டிருந்தார். தயிர்சாதம் மட்டும் சாப்பிட்ட சின்னப் பையன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"ராஜ்மாவை எப்படி வேக வெச்சீங்க?"

"லீ பஜார்ல வாங்குனதுங்க. ஒரு மணி நேரம் ஊற வெச்சு, அப்படியே ஸ்லோ குக்கர்ல போட்டுட்டோம். அங்க அப்படித்தானுங்க பண்ணுவாங்க."

ஸ்லோ குக்கர் என்பது மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பானை. அங்கே அப்படித்தான் பண்ணுவார்கள். ஆனால் அந்த நண்பர் பானையில் கொட்டியது டப்பா பீன்ஸாக இருந்திருக்கும். டப்பாவில் அடைக்கும்போதே அது முழுதாக வெந்துவிடுகிறது. இவர் போட்டது காய்ந்த, வேகவைக்காத ராஜ்மா.

அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நிறைய உண்டு. வேகாத நாலைந்து கொட்டை உள்ளே போனாலே வயிற்றைப் புரட்டிவிடும். தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி மாதிரியான இளஞ்சூட்டில் வைத்திருந்தால் நஞ்சு குறைவதற்குப் பதில் ஐந்து மடங்கு வரை கூடலாம் என்கிறார்கள். ஸ்லோ குக்கர் செய்வது பெரும்பாலும் இந்த இளஞ்சூடுதான். கொட்டை மெத்தென்று ஆகிவிடுவதால் வெந்ததாகத் தோன்றும். அது போக, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் வேகும் நேரம் அங்கே போதாது.

ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யவில்லை. நேரமும் சாப்பாட்டுக் கணக்கும் அதைத்தான் காட்டின. கறியிலும் முட்டையிலும் வரும் சால்மொனெல்லா கிருமியாக இருந்தால் வழக்கமாக ஆறு மணி நேரமாவது ஆகும். குளுக்கோஸ் ஏற்றினோம், விடிவதற்குள் தெளிந்துவிட்டார்கள்.

இதே ராஜ்மாவைக் கொண்டு அவர் மனைவி சுண்டல் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டி, குக்கரில் விசில் விட்டிருப்பார். குக்கருக்குள் 120 டிகிரியை நெருங்கும் சூடு. ஏன் எதற்கு என்று யாரும் சொல்லித்தராமலே அம்மா கையைப் பார்த்து வந்த பழக்கம் அது. வெளிநாட்டுப் பதார்த்தம் நமக்கு அப்படி வருவதில்லை. சாப்பாட்டு மேசையில் அறிமுகமாகிறது. ருசி ஞாபகம் இருக்கும், சமையற்கட்டில் என்ன நடந்தது என்று தெரியாது.

முட்டையிலும் இதே கதைதான். துபாயிலிருந்து திரும்பியவர்கள் ஷவர்மாவுக்குப் பச்சை முட்டையில் மயோனைஸ் அடிக்கிறார்கள். ஏற்காட்டுக் காப்பியை ஊற்றி டிராமிசு என்ற இத்தாலிய இனிப்பைச் செய்கிறவர்கள் உண்டு. பொருத்தமான காப்பிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் வழக்கப்படி பச்சை முட்டை. ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடலாம் என்று தேதி போட்டே முட்டை விற்கிறார்கள். நமக்கு நாமக்கல் பக்கத்து வீடு மாதிரி, 1997 வரை சேலம் மாவட்டத்திலேயே இருந்த ஊர். முட்டை பக்கத்திலிருந்து வருகிறது என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். வீட்டில் செய்தால் முட்டை சேர்க்காமல் செய்யுங்கள். டிராமிசுவுக்கு மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 71 டிகிரி வரும்வரை அடித்துக்கொள்ளுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைப்பது வீண் செலவில்லை.

அப்புறம், பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது. இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளரும். வாசனை மாறாது, நிறம் மாறாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட பூண்டால்தான் பாதிக்கப்பட்டார்கள். கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சாதாரண வாந்தி, பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றாலோ, ரத்தம் கலந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ கிளம்பி வந்துவிடுங்கள். வரும்போது மிச்சம் இருக்கும் பதார்த்தத்தைக் கழுவிக் கொட்டாமல் ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள். எதைச் சாப்பிட்டீர்கள் என்பதோடு, யார் எதைச் சாப்பிடவில்லை என்பதையும் வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.