வீட்டோடு சேர்ந்து வரும் பக்கத்து வீட்டுப் புகார்: தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்குவோருக்கு

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இவை மனை யாருடையது என்று சொல்லும். மேலே நிற்கும் கட்டடம் அனுமதிப்படி கட்டியதா என்று சொல்லாது. சொத்துவரி ரசீதும் அப்படித்தான். அனுமதியில்லாத அறைக்கும் வரி போடுவார்கள், வரி கட்டியதாலேயே அது அனுமதி பெற்றதாகாது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 56-இன்படி, அனுமதியில்லாமலோ அனுமதிக்கு மாறாகவோ கட்டியதை அகற்றச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் நோட்டீசும் உங்களுக்குத்தான். ‘நான் கட்டவில்லை, வாங்கும்போதே இருந்தது’ என்ற பதில் எடுபடாது. இடிக்கும் முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அவகாசம் மட்டுமே, மீறலுக்கு மன்னிப்பு அல்ல.

முதலில் விற்பவரிடம் முத்திரையிட்ட அங்கீகார வரைபடத்தைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் அனுமதி எண்ணை வாங்கி, உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேட்கச் சொல்லுங்கள். சிறிய வீடுகளுக்குப் பணிமுடிப்புச் சான்று தேவையில்லை என்று விதி இருப்பதால், அது இல்லாததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆதாரம் வரைபடம்தான்.

பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளக்க வேண்டும். பக்கத்தில் 1.5 மீட்டர் காலியிடம் என்று போட்டிருந்தால், மனை எல்லையிலிருந்து வீட்டுச் சுவர்வரை ஏறக்குறைய 5 அடி இருக்க வேண்டும். அங்கே இரண்டரை அடி அகலத்தில் இரும்புப் படிக்கட்டு நின்றால் பாதி இடம் போயிற்று. காம்பவுண்ட் சுவரே தள்ளிக் கட்டியதாகவும் இருக்கலாம் என்பதால், எல்லையை எஃப்.எம்.பி வரைபடத்தோடு (சர்வே துறையின் நில அளவு வரைபடம்) ஒப்பிடுங்கள். மாடிக்கும் ஏறிப் பாருங்கள். ஷீட் கூரையின் சரிவு எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் யார் மனையில் விழுகிறது? நகராட்சிக்குப் போகும் புகார் பல நேரம் இந்தத் தண்ணீரில்தான் தொடங்கும். பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்து ஏதாவது எழுப்பியிருந்தால் அது தனி வழக்கு: 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் பிரிவு 15 பாதுகாப்புத் தருகிறது.

அளந்த கையோடு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். எந்தச் சான்றிலும் வராத தகவல் அங்கே கிடைக்கும்.

நிலுவையிலுள்ள வழக்கு வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். ஆனால் இந்தச் சொத்தின் உரிமை பற்றிய வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-இன்படி தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

‘வரன்முறை செய்தாயிற்று’, அதாவது அனுமதியில்லாததை அரசு பிறகு முறைப்படுத்திவிட்டது என்று ஒரு தாளைக் காட்டினால் தலைப்பைப் படியுங்கள். 2017-இல் வந்த திட்டம் அங்கீகாரமில்லாத மனைகளுக்கானது, கட்டடத்துக்கு அல்ல. கட்டடங்களுக்கான, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 113-சி, 1.7.2007-க்கு முன் கட்டி முடித்தவற்றுக்கு மட்டும்.

மீறல் இருந்தும் வீடு பிடித்திருக்கிறது என்றால், எந்த வகை மீறல் என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு மொத்தத் தளம் கட்டலாம் என்ற அளவு) 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. அன்று அளவுக்கு மிஞ்சிய மாடி அறை இன்று விதிக்குள் வரலாம். திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. காலியிடத்தில் கட்டியதற்கு அந்த வழி பெரும்பாலும் கிடையாது, இடிப்பதுதான். பக்கத்து வீட்டார் எழுதித் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதமும் அதை அனுமதியாக்காது.

கிரய ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் வேண்டும். நோட்டீஸ், புகார், வழக்கு எதுவும் இல்லை என்ற விற்பவரின் உறுதி ஒன்று. பதிவுக்கு முன் மீறலை அகற்றவோ சரிசெய்யவோ வேண்டும், அதுவரை ஒரு தொகை உங்களிடம் நிற்கும் என்பது மற்றொன்று. சாதாரண கவனத்தில் கண்ணுக்குத் தெரியாத குறையைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55. வாசலிலேயே நிற்கும் படிக்கட்டை அவர் மறைத்தார் என்று பின்னால் வாதாட முடியாது.