சாட்சி கெட்டுவிடுமா?

காப்பி அடித்துப் பிடிபட்ட எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை என் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். பள்ளி ஆலோசகரிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அழுவார்கள், இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவன் நேராக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மிஸ், போன வாரம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாங்கல்ல? வாரத்துக்கு ரெண்டு தடவை லேப் போறோம்னு சொல்லணும்னு எங்க மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க. நாங்களும் அப்படியே சொன்னோம். இந்த வருஷம் முழுக்க நாங்க போனதே ரெண்டு தடவைதான். அது மட்டும் பொய் இல்லையா?"

அன்று காலை ஜெபக்கூட்டத்தில் உண்மையைக் குறித்துத் தியானம் கொடுத்தவள் நான். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீ செஞ்சது தப்புதான், அதை அப்புறம் பேசுவோம். நீ கேட்டதையும் நான் விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மாலையில் அந்த ஆசிரியையிடம் பேசினேன். நல்லவர். சுகமில்லாத பிள்ளையின் வீட்டுக்குப் பாடக்குறிப்பை எடுத்துக்கொண்டு போகிறவர். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிதல்ல. "நம்ம ஸ்கூலோட சாட்சி கெட்டுடக் கூடாதேன்னுதான் அப்படிச் சொல்ல வெச்சேன்."

பல ஆண்டுகளாகக் கிறிஸ்தவப் பள்ளிகளில் வேலை செய்கிறேன். இந்த வாக்கியத்தை ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், நிர்வாகக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், பெற்றோர் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். கணக்கில் இடிக்கும்போது, ஒரு பிள்ளை அடிபட்டு வரும்போது, பெரிய இடத்துப் பையன் ஒருவன் தப்புச் செய்யும்போது யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார், சாட்சி கெட்டுவிடும் என்று. சாட்சி என்ற சொல்லை நாம் எங்கோ தவறவிட்டுவிட்டோம். வழக்குமன்றத்தில் சாட்சி என்றால் நடந்ததை நடந்தபடி சொல்ல வந்தவர். நம் பேச்சிலோ அது நற்பெயருக்கு இன்னொரு பெயராகிவிட்டது. பெயரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம் என்று ஆகிவிட்டால், சாட்சியைக் காப்பாற்றப் பொய்ச்சாட்சி சொல்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள். பத்துக் கட்டளைகளில் ஒன்று நேரடியாக இதைப் பற்றியது.

ராஜாவின் அதிகாரியாக இருந்து, ஜெபித்ததற்காகச் சிங்கங்களின் குகையில் போடப்பட்ட தானியேலின் கதையை எல்லா வேதபாட வகுப்பிலும் சொல்கிறோம். சிங்கக்கெபிக்கு ஓடிவிடுவதால் ஒரு விவரத்தைத் தாண்டிவிடுகிறோம். அவனுடைய எதிரிகள் அவனைக் கவிழ்க்க நினைத்தபோது முதலில் நோண்டியது அவனுடைய ஜெபத்தை அல்ல, அலுவலக வேலையை. ஆறாம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது: ராஜ்யத்தின் விசாரிப்பில் குற்றம் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் ஜெபத்தின் பக்கம் திரும்பினார்கள். நம் பள்ளிகளில் யாராவது அப்படித் தேட வந்தால் எந்த வரிசையில் தேடுவார்கள்? ஜெபக்கூட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. வருகைப் பதிவேடு, அக மதிப்பெண், சுற்றுலாவுக்கு வசூலித்த பணம், பரிந்துரைக் கடிதம் இவற்றைப் புரட்டினால் என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதத்தைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பொய்யாக நினைப்பதில்லை. ஒரு மாணவனுக்கு "தலைமைப் பண்பு மிக்கவன்" என்று எழுதுகிறோம். அவன் மூன்று வருடங்களில் வாயைத் திறந்தது மூன்று தடவை. அன்பினால் எழுதினோம் என்போம். அதே இடத்துக்கு விண்ணப்பித்த இன்னொரு பிள்ளைக்கு, நமக்கு அறிமுகமில்லாத பிள்ளைக்கு, அந்த அன்பில் பங்கில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழி கடைக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. மதிப்பெண் போடுகிற கையிலும் ஒரு தராசு இருக்கிறது. நான் இப்போது பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். "அதிகம் பேசமாட்டான். ஒருமுறை தன் குழுவின் தவறைத் தானாக வந்து ஒப்புக்கொண்டான்." இப்படி எழுதிய கடிதத்தால் இதுவரை யாருக்கும் இடம் பறிபோனதாக எனக்குத் தெரியவில்லை.

நல்லவர்கள் ஏன் இப்படி நழுவுகிறோம்? கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் அவசரம்தான். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய நல்ல சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன உவமை. வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு, முடியாதவர் போலக் கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேர்தான். உவமையை மனதில் வைத்துக்கொண்டு போனது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. மொத்தம் நாற்பது பேரிடம் செய்த சிறிய ஆய்வு அது. ஆனாலும் மணி அடித்து மணி அடித்து ஓடும் பள்ளியில் வேலை செய்கிற எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளைத் தாண்டி வேதபாட வகுப்புக்கு ஓடியிருக்கிறேன்.

அதற்கு முன்பே, 1920-களின் கடைசியில், ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையை யோக்கியன் என்றோ ஏமாற்றுக்காரன் என்றோ அவர்களால் எளிதில் பிரிக்க முடியவில்லை. தேர்வில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. எது சரி என்று அறிந்திருப்பதும் அதைச் செய்வதும் பெரிதாக ஒட்டிப்போகவில்லை. நற்குணத்தைப் பாடமாக நடத்தித் தேர்வு வைத்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஆகவே "இந்தப் பையன் எப்படிப்பட்டவன்?" என்று ஆசிரியர்கள் கேட்கும்போது, நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்: இந்த வகுப்பில் உண்மையைச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும்? உண்மை சொன்னவனுக்கும் பிடிபட்டவனுக்கும் ஒரே தண்டனை, ஒரே வசை என்றால், பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல, கணக்குப் போட்டுவிடுவார்கள்.

"இயேசு பார்த்துக்கிட்டே இருக்கார்" என்று மிரட்டுவதையும் நான் நிறுத்திவிட்டேன். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பொய்யை விடுவதில்லை, ஜெபத்தைத்தான் விடுகிறது.

இனி ஆசிரியர் அறை. பள்ளியில் புறங்கூறுதல் ஜெப விண்ணப்பமாகத்தான் உள்ளே நுழையும். "அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க, ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்களாம், காரணம் வேற என்னென்னமோ சொல்றாங்க..." மதியத்துக்குள் பத்துப் பேருக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்குள் வரும்போது பத்து ஜோடிக் கண்கள் இரக்கத்தோடு பார்க்கும். அவள் என்னிடம் நம்பிச் சொன்ன விஷயம் அது. யாருக்கும் நான் சொல்லவில்லை, ஆனால் நான்தான் சொன்னேன் என்று அவள் நினைத்தாள். மூன்று மாதம் என் அறைப் பக்கம் வரவில்லை. ஒருவருக்காக ஜெபிக்கப் பெயரும் விவரமும் வேண்டியதில்லை, கடவுளுக்குத் தெரியும் என்று இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

மன்னிப்பு இதைவிடச் சிக்கலானது. ஒரு பையன் மற்றொருவனை மாதக்கணக்கில் சீண்டி, புத்தகத்தைக் கிழித்து, அழவைத்திருப்பான். விஷயம் வெளியே வந்ததும் இருவரையும் நிறுத்தி, "கை குடு, மன்னிச்சிட்டேன்னு சொல்லு, கிறிஸ்தவப் பிள்ளைகள் இல்லையா?" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவோம். அடிபட்டவன் தலையில்தான் சுமை விழுகிறது. மன்னிக்காவிட்டால் அவன் பாவி! இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவை நினைத்துப் பார்க்கலாம். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் தானாக எழுந்து நின்று சொன்னான். கிழித்த புத்தகத்தைக் கிழித்தவன் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். அது முடியும்வரை மன்னிப்பைப் பற்றிப் பேச அவசரப்பட வேண்டாம். மன்னிப்பு அடிபட்டவன் தருகிறது. நாம் அவன் சார்பில் எடுத்துக் கொடுக்க முடியாது.

பெரியவர் ஒருவர் பிள்ளையைத் தொடக்கூடாத விதமாகத் தொட்டார், அடித்துக் காயப்படுத்தினார் என்ற புகார் வரும்போது, மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தை விரித்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "உன் சகோதரன் குற்றஞ்செய்தால் தனித்திருக்கையில் அவனிடம் சொல்." பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன்னை வருத்திய பெரியவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டுமா? அதே அதிகாரத்தில், ஒன்பது வசனங்களுக்கு முன்னால், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று இயேசு சொன்னது இருக்கிறது. பதினைந்தாம் வசனத்தை எடுத்துக்கொண்டு ஆறாம் வசனத்தை விட்டுவிடுவது வேதத்துக்குக் கீழ்ப்படிதல் ஆகாது. இப்படியொரு புகார் வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது, "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காமல் இருப்பது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காமல் இருப்பது, பிள்ளையின் வார்த்தைகளிலேயே எழுதி வைப்பது, அந்தப் பெரியவர் பிள்ளையின் பக்கம் வராதபடி பார்ப்பது, சட்டம் யாரிடம் தெரிவிக்கச் சொல்கிறதோ அவர்களிடம் அன்றைக்கே தெரிவிப்பது. நிர்வாகக் குழு கூடி ஜெபித்து முடிவெடுக்கும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. பள்ளியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற விஷயமும் இல்லை.

இது சந்தேகப் புத்தி என்று வருந்துகிற சக ஊழியர்களுக்கு அப்போஸ்தலர் பவுலைக் காட்டுவேன். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சபைகளில் சேர்த்த காணிக்கையை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் எழுதினார். வசூல் பணத்தை இரண்டு பேர் எண்ணுவதும், பிள்ளையோடு தனியாகப் பேசும் அறையின் கதவில் கண்ணாடி இருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. என் அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறது. நானே கேட்டு வாங்கிப் போட்டது.

வேறு மதத்துப் பிள்ளைகளும் எந்த மதமும் இல்லாத பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு மதிப்பெண்ணோ பதவியோ காட்டி விசுவாசத்தைத் திணிப்பதும் நேர்மைக் குறைவுதான். நம் பிள்ளைகள் வேறொருவர் பள்ளியில் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அது போதும் அளவுகோல்.

மறுபடியும் அந்தப் பையன். தேர்வில் அவனுக்குப் பூஜ்யம் கிடைத்தது. அவன் அதை எதிர்க்கவில்லை. அவனுடைய ஆசிரியை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் எழுந்து நின்று, "உங்களைப் பொய் சொல்ல வெச்சேன். அது என் தப்பு. தலைமையாசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன், திருத்தி எழுதி அனுப்பறோம்" என்றாராம். அறையில் நான் இல்லை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். கடிதம் போனது. பதிலுக்கு வந்த கண்டிப்பான குறிப்பைத் தலைமையாசிரியர் கோப்பில் வைத்துக்கொண்டு கால அட்டவணையை மாற்றினார்.

ஒரு மாதம் கழித்துப் பையன் என் அறை வாசலில் எட்டிப் பார்த்தான்.

"மிஸ், இப்ப லேப் போறோம்."

"வாரத்துக்கு ரெண்டு தடவையா?"

"இல்ல மிஸ். ஒண்ணுதான்."