இறங்கும் கடலைத் துரத்தி: லுவார் கழிமுகத்தில் சைக்கிளில்

பிரான்ஸின் மிக நீளமான ஆறு லுவார். அதன் கரையோரமாக ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. நாந்த் நகரத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை ஊரான சான் பிரெவான் வரையுள்ள கடைசிப் பகுதி கழிமுகத்தை ஒட்டியே செல்லும். சமதரை, ஒரே நாளில் முடித்துவிடலாம். பலரும் நாந்த்தில் தொடங்கிக் கடலில் முடிக்கிறார்கள், ஆறு போகிற திசையில் போவதுதான் இயல்பு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலில் தொடங்கி நாந்த்தில் முடியுங்கள்.

முதல் காரணம் காற்று. இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்துதான் அடிக்கும். காற்றின் தடை சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் தடை மூன்று மடங்காகிவிடுகிறது. கடலைப் பார்த்து மிதிப்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. கடலிலிருந்து நாந்த்தை நோக்கி உங்களோடு இன்னொன்றும் வருகிறது, கிட்டத்தட்ட சைக்கிள் வேகத்திலேயே.

சான் பிரெவான் கரையில் ஒரு பாம்பின் எலும்புக்கூடு கிடக்கிறது. சுமார் 130 மீட்டர் நீளம், அலுமினியம். ஹுவாங் யோங் பிங் என்ற கலைஞர் 2012இல் செய்த சிற்பம் இது. கடல் ஏறும்போது விலா எலும்புகளுக்குள் தண்ணீர் புகுந்து உடலின் பெரும்பகுதி மறையும். இறங்கும்போது முழுப் பாம்பும் ஈர மணலில் வெளிப்படும். இங்கே பெரிய ஏற்றநாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று பாம்பு முழுதாகத் தெரிந்த நேரத்தோடு 50 நிமிடம் கூட்டினால் நாளைக்கான நேரம் வந்துவிடும்.

நீர் முழுக்க இறங்கிய வேளையில் இங்கிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நாந்த்தில் நீர் இன்னும் இறங்கி முடிந்திருக்காது. காரணம், கடல் ஏற்ற இறக்கம் என்பது ஆற்றுக்குள் நுழைந்து மேலே நகரும் ஒரு மாபெரும் அலை. அதன் முகடு உச்ச ஏற்றம், அகடு உச்ச இறக்கம். இவ்வளவு நீளமான அலைக்கு எந்த ஆறும் ஆழமற்றதுதான். அப்படிப்பட்ட அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 8 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரும். 4 மீட்டரில் 22 கிலோமீட்டர் சொச்சம்.

அதாவது முகட்டைத் துரத்த நல்ல பந்தய வீரர் வேண்டும். அகட்டை நாமே துரத்தலாம்! நீர் வற்றியிருக்கும்போது ஆழம் குறைவு, அதனால் அகடு மெதுவாக நகர்கிறது. போதாக்குறைக்கு, கடலை நோக்கி ஓடும் நீரோட்டம் வேறு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. கரைகளின் வளைவும் அகலமும் இந்தக் கணக்கை அங்கங்கே மாற்றினாலும் போக்கு இதுதான். நிதானமாக நிற்காமல் மிதிப்பவருக்கு வழி நெடுக ‘இப்போதுதான் வற்றியது’ என்ற நிலையே தொடரும். சேற்றுப் பரப்பெல்லாம் வெளியே கிடக்கும்.

அந்தச் சேற்றில் பார்க்க நிறைய உண்டு. தண்ணீர் விலகிய கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் பொன்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் ஏறும். டயட்டம் என்னும் நுண்பாசிகள் வெளிச்சம் தேடிச் சேற்றுக்குள்ளிருந்து மேலே நகர்ந்து வருவதால் உண்டாகும் நிறம் அது. நீர் திரும்புமுன் மறுபடி உள்ளே போய்விடும். ஒரு குச்சியால் சேற்றைக் கிளறினால் பழுப்புத் தோலுக்குக் கீழே கறுப்பு. ஆக்சிஜன் எட்டாத அந்த ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அப்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம். மூக்கைப் பொத்தத் தோன்றும், ஆனால் பறவைகளுக்கு இது விருந்துக்கூடம். கீழே வளைந்த நீண்ட அலகால் புழுவைத் தோண்டி எடுக்கும் குதிரைமலைக் கோட்டானையும் (ஆந்தை இனமல்ல, கரைப்பறவை), மேல்நோக்கி வளைந்த அலகை அரிவாள்போல் இருபுறமும் வீசிச் சேற்றுக் கூழைத் துழாவும் கோணமூக்கு உள்ளானையும் இங்கே பார்க்கலாம்.

கரையில் கம்பங்கள் மேல் நிற்கும் சின்னக் குடிசைகள் மீன்பிடிக் கூடுகள். சதுர வலையைக் கப்பியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, காத்திருந்து தூக்குவார்கள். மீன்களும் ஏற்றத்தோடு வருவதுதான் இதன் சூட்சுமம். கெட்டிக்காரத்தனத்தில் விலாங்குக் குஞ்சை மிஞ்ச ஆளில்லை. சர்காசோ கடலில் பிறந்து அட்லாண்டிக்கைக் கடந்து வரும், கண்ணாடிபோல் உடல் தெரியும் இந்தக் குஞ்சுக்கு ஆற்றை எதிர்த்து நீந்தத் தெம்பில்லை. ஏற்றம் வரும்போது நீரில் எழும்பி உள்ளே மிதந்து போகும். இறக்கத்தில் அடியில் பதுங்கிக்கொள்ளும். அடுத்த ஏற்றத்தில் மீண்டும் சவாரி.

பெம்பெஃப் என்ற பழைய துறைமுக ஊருக்கு வரும்போது ஆற்றின் நிறத்தைக் கவனியுங்கள். கடலும் இவ்வளவு கலங்கலில்லை, மேலே ஆறும் இவ்வளவு கலங்கலில்லை. நடுவில் மட்டும் பால் ஊற்றாத கோக்கோ நிறம். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சேற்று அடைப்பு என்கிறார்கள். கழிமுகத்தின் இயக்கம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் கூடி நிற்கிறது.

ஆறு சுமந்துவரும் களிமண் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் சிறியது. ஒரு மீட்டர் ஆழம் படிய அதற்கு மூன்று நாளுக்கு மேலாகும். துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே தனித்தனியாக மிதக்கும். உப்பு கலந்ததும் கதை மாறுகிறது. உப்பின் நேரயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட, துகள்கள் ஒட்டித் திரளைகளாகி வேகமாகக் கீழே இறங்குகின்றன. அங்கே அவற்றைப் பிடிக்க ஆளிருக்கிறது. கடல்நீர் லிட்டருக்கு 25 கிராம் அளவில் நன்னீரைவிடக் கனமானது. அதனால் அது ஆற்றின் அடியில் உள்நோக்கி நகர்கிறது, நன்னீர் மேலே வெளிநோக்கிப் போகிறது. வெளியே போகப் புறப்பட்ட சேறு அடியோட்டத்தில் விழுந்து திரும்பவும் உள்ளே வருகிறது.

இதோடு அலையின் வேக வித்தியாசமும் சேர்கிறது. முகடு வேகமாகவும் அகடு மெதுவாகவும் வந்தால், மேலே போகப்போக முகடு அகட்டை நெருங்கும். ஏற்றம் குறுகிய நேரத்தில் சீறிக்கொண்டு வரும், இறக்கம் நீண்ட நேரம் எடுத்து நிதானமாக வடியும். சீறி வரும் நீருக்குச் சேற்றைக் கிளப்பும் வலு அதிகம், வடியும் நீருக்குக் குறைவு. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சேறு கொஞ்சம் உள்ளே தள்ளப்படுகிறது. குளிர்கால வெள்ளம் இந்த அடைப்பைக் கடல் பக்கம் தள்ளிவிடும். கோடையில் ஆறு மெலிந்ததும் அது நாந்த் வரைகூட ஏறிவிடும். அப்போது சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, மீன்கள் கடக்க முடியாமல் திணறுகின்றன.

பெம்பெஃப்பைத் தாண்டினால் மார்த்தினியேர் கால்வாய். 15 கிலோமீட்டர், நேர்கோடு மாதிரி. இந்தப் பயணத்திலேயே மிதிக்கச் சலிப்பான பகுதி இதுதான், ஆனால் வரலாறு சலிப்பூட்டாது. ஆற்றில் படிந்த மணல்மேடுகளால் கப்பல்கள் நாந்த்துக்குப் போக முடியவில்லை என்று ஆற்றைச் சுற்றிக்கொண்டு போக இதை 1882 முதல் 1892 வரை வெட்டினார்கள். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போனதால் கால்வாய் சீக்கிரமே பயனற்றுப்போனது. ஆற்றையே ஆழமாகத் தோண்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

லெ பெல்ரானில் எதிர்க்கரைக்குப் படகு உண்டு. அது நேராகப் போகாது, நீரோட்டத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் கடக்கும். மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஆறு இப்போது எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அகட்டை நீங்கள் முந்திவிட்டீர்களா, அது உங்களை முந்திவிட்டதா என்பதும்தான்.

நாந்த்தில், தோண்டியதன் விளைவு தெரியும். ஆழமாகவும் நேராகவும் ஆகிவிட்ட ஆற்றில் கடலின் அலை தடையில்லாமல் உள்ளே வரும், வற்றும்போது அதிகமாகவும் வற்றும். இருபதாம் நூற்றாண்டில் நாந்த்தின் தாழ்நீர்மட்டம் சில மீட்டர் இறங்கியது. அடைப்பும் மேலே ஏறியது. ஊருக்குள் ஓடிய லுவாரின் கிளைகள் 1926 முதல் 1946 வரையிலான ஆண்டுகளில் மண்ணிட்டு மூடப்பட்டன. அதனால் ஃபெய்தோ தீவு இன்று தீவே அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல் முதலாளிகள் மணல்திட்டின் மேல் கட்டிய மாளிகைகள் சாய்வாக நிற்கின்றன, சுற்றிலும் டிராம் ஓடுகிறது.

கிளம்பும் நாளைத் தேர்வு செய்ய ஒரு எண் போதும். பிரெஞ்சு ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணைகளில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு குறியெண் போட்டிருப்பார்கள். 45க்குக் கீழென்றால் பாம்பும் சேறும் பாதிதான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓரிரு நாள் கழித்து 90க்கு மேல் வரும் நாளாகப் பாருங்கள்.